தெர்மாமீட்டர் உடைந்தது, மகளுக்கு வீசிங் வந்தது: நான்தான் காரணமா?

ஒரு தாய் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம்:

"என் மகளுக்கு எட்டு வயது. ஐந்து வாரங்களுக்கு முன்பு அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. 102 டிகிரி. மறுபடி பார்ப்பதற்காகத் தெர்மாமீட்டரை உதறினேன். கட்டில் விளிம்பில் பட்டு உடைந்துவிட்டது. பாதரசம் தரையிலும், கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த கார்பெட்டிலும் உருண்டு ஓடியது. தரையில் இருந்ததைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளினேன். கார்பெட்டுக்கு வேக்குவம் கிளீனர் போட்டேன். மூன்றாம் நாள் இரவு அவளுக்கு இருமலும் வீசிங்கும் ஆரம்பித்தது. மருத்துவர் ஆஸ்துமா என்று சொல்லி, தினமும் எடுக்க ஒரு ஸ்டீராய்டு பஃப் கொடுத்தார். இணையத்தில் தேடியபோது, பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பாதரசத்தால் ஆஸ்துமா வரும் என்று ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. உடம்பில் பாதரசம் இருக்கும்போது ஸ்டீராய்டு கூடாது என்று ஒருவர் சொன்னதால் இரண்டு வாரமாகப் பஃப்பை நிறுத்திவிட்டேன். மீனையும் நிறுத்திவிட்டேன். பாதரசத்தை உடம்பிலிருந்து வெளியேற்றும் சிகிச்சை இருக்கிறது, ஊசி போட வேண்டும் என்கிறார்கள். போகலாமா? அவளுக்குப் போன வருடமும் ஓடி விளையாடினால் இருமல் வரும். கைக்குழந்தையாக இருந்தபோது முழங்கை மடிப்பில் கரப்பான் இருந்தது. அவள் அப்பாவுக்குக் காலையில் எழுந்தால் அடுக்குத் தும்மல். ஆனால் வீசிங் என்று வந்தது தெர்மாமீட்டர் உடைந்த பிறகுதான். என் கையால் நடந்தது இது. தூக்கம் வரவில்லை."

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். முதலில், இன்று இரவே பஃப்பை மறுபடி ஆரம்பியுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த அதே அளவு, அதே நேரம். நாளைக் காலையில் அவருக்குப் போன் செய்து, இரண்டு வாரம் நிறுத்தியிருந்ததை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். திட்டுவார் என்று தயங்காதீர்கள். பயத்தில் பஃப்பை நிறுத்திவிட்டு வரும் பெற்றோர் எங்களுக்குப் புதியவர்கள் அல்ல.

பாதரசம் இருந்தால் ஸ்டீராய்டு பஃப் கூடாது என்று சொன்னவர் யாராக இருந்தாலும் சரி, அப்படி ஒரு விதி மருத்துவத்தில் கிடையாது. மாத்திரையாகத் தரும் ஸ்டீராய்டை மில்லிகிராமில் அளக்கிறோம். பஃப்பில் வருவது மைக்ரோகிராம், அதாவது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் நேராகச் சுவாசக் குழாய்க்குள் போய் அங்குள்ள வீக்கத்தை வற்ற வைக்கிறது. உங்கள் மகள் விஷயத்தில் இப்போது எனக்குப் பெரிய கவலை, மருந்து இல்லாமல் போன இந்த இரண்டு வாரம்தான்.

இடையில் எந்த நேரமானாலும், அவள் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் நடுவில் மூச்சு வாங்கினால், விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்வாங்கினால், உதடு நீலம் பூத்தால், அல்லது உடனடி நிவாரணப் பஃப் (தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு அல்ல, மூச்சு இழுக்கும்போது மட்டும் கொடுக்கும் வேறு பஃப்) கொடுத்தும் நாலு மணி நேரம்கூடத் தாங்காமல் மறுபடி இழுத்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

சரி, இனி உங்கள் கேள்வி.

கடிதத்தைப் படித்தபோது என் கண் நின்ற இடம், தெர்மாமீட்டர் உடைந்த வரிக்கு முந்தைய வரி. "அவளுக்குக் காய்ச்சல் அடித்தது." தெர்மாமீட்டர் அன்று உங்கள் கைக்கு வந்ததே அந்தக் காய்ச்சலால்தானே? எட்டு வயதுப் பிள்ளைக்குத் திடீரென்று 102 டிகிரி அடித்து, இரண்டு நாள் கழித்துச் சளி மார்புக்கு இறங்கி இருமல் வருகிறது என்றால், பெரும்பாலும் அது ஏதோ ஒரு சளி வைரஸின் வேலை. பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு ஆஸ்துமா கிளம்பும் தடவைகளை எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய ஐந்தில் நான்கில் பின்னணியில் ஒரு சளி வைரஸ் இருக்கிறது. ரைனோ வைரஸ் அதில் முக்கியமானது. மூக்கில் ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளில் மார்புக்கு இறங்கி, ஏற்கெனவே சுலபமாகச் சுருங்கும் சுவாசக் குழாயைச் சுருக்கிவிடும். இரவில் இன்னும் கொஞ்சம் அதிகமாகும். உங்கள் மகளுக்கு மூன்றாம் நாள் இரவு வந்தது அப்படியே பொருந்துகிறது.

ஆக, காய்ச்சல் வந்ததால் தெர்மாமீட்டரை எடுத்தீர்கள். காய்ச்சலைக் கொண்டுவந்த அதே வைரஸ்தான் வீசிங்கையும் கொண்டுவந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கண்ணாடி உடைந்து, வெள்ளியாய் ஏதோ ஓடியது. கண்ணால் பார்த்தது மனதில் பதிந்துவிட்டது, வைரஸைப் பார்க்க முடியாது. அதனால் பழி தெர்மாமீட்டர் மேல் விழுந்தது, அங்கிருந்து உங்கள் மேல் விழுந்தது.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய மூன்று விஷயங்களைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். போன வருடமே ஓடினால் இருமல், கைக்குழந்தையில் கரப்பான், அப்பாவுக்குக் காலைத் தும்மல். வெளிநோயாளிப் பிரிவில் ஆஸ்துமா என்று சந்தேகப்பட்டால் நாங்கள் கேட்கும் முதல் மூன்று கேள்விகளுக்கான பதில்கள் இவை. தோலில் கரப்பான், மூக்கில் ஒவ்வாமை, மூச்சில் ஆஸ்துமா மூன்றும் ஒரே குடும்பத்தில் சுற்றிச் சுற்றி வரும். விளையாட்டுக்குப் பின் வரும் இருமல் பல குழந்தைகளுக்கு ஆஸ்துமாவின் முதல் முகம். வீசிங் சத்தம் பின்னால்தான் வரும், சிலருக்கு வராமலே போகும். உங்கள் மகளின் ஆஸ்துமா அந்தத் தெர்மாமீட்டருக்கு ஒரு வருடமாவது மூத்தது என்றே நினைக்கிறேன்.

பாதரச ஆவி நுரையீரலைத் தொடாது என்று நான் சொல்லவில்லை. தொடும். மூடிய அறையில் பாதரசத்தைச் சூடாக்கி, அந்த ஆவியை நிறைய உள்ளிழுத்தால் சில மணி நேரத்திலேயே இருமல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குளிர்க்காய்ச்சல், வாயில் உலோகச் சுவை என்று வரும். நுரையீரல் திசுவே வெந்துபோனது போல வீங்கும். உயிருக்கு ஆபத்தான நிலை அது. ஆனால் அதற்கு நிறையப் பாதரசமும் சூடும் வேண்டும். ஒரு தெர்மாமீட்டரில் இருப்பது ஒரு கிராம் அளவு. அன்று கார்பெட்டுக்கு மேல் குனிந்து நின்று வேக்குவம் போட்டவர் நீங்கள். அப்படி ஒரு தாக்குதல் நடந்திருந்தால் அன்று மாலைக்குள் உங்களுக்கும் மூச்சு முட்டியிருக்கும். மூன்று நாள் பொறுத்து, குழந்தைக்கு மட்டும், இரவில் மட்டும் வந்திருக்காது.

நீங்கள் படித்த ஆய்வுக்கு வருவோம். கொரியாவில் ஆயிரக்கணக்கான பள்ளி வயதுக் குழந்தைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வாக இருக்க வேண்டும். ரத்தத்தில் பாதரச அளவு கூடுதலாக இருந்த பிள்ளைகளிடம் ஆஸ்துமா ஓரளவு கூடுதலாகக் காணப்பட்டது என்கிறது அது. பொறுப்பாகச் செய்த ஆய்வுதான், தள்ளிவிடக் கூடாது. ஆனால் அவர்கள் அளந்த பாதரசமும் உங்கள் கார்பெட்டில் உருண்ட பாதரசமும் வேறு வேறு சரக்கு.

பாதரசம் மூன்று வேடத்தில் வரும். தெர்மாமீட்டரில் இருப்பது உலோகப் பாதரசம். அதை விழுங்கினால் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குடலில் ஏறாது, அப்படியே வெளியே போய்விடும். அதன் ஆவியை மூச்சில் இழுத்தால் நிலைமை தலைகீழ், ஐந்தில் நாலு பங்கு ரத்தத்தில் கலந்துவிடும். இரண்டாவது, பாதரச உப்புகள். முகத்தை வெளுப்பாக்குவதாகச் சொல்லி விற்கும் சில கிரீம்களில் ஒளிந்திருப்பது இதுதான். (வீட்டில் யாராவது பெயர் தெரியாத வெளுப்பு கிரீம் பூசிக்கொண்டால், உடைந்த தெர்மாமீட்டரைவிட அதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். அது தலையணை வழியாகவும் துண்டு வழியாகவும் பிள்ளைகளுக்குத் தினமும் போகும்.) மூன்றாவது மெத்தில் பாதரசம். நீரில் விழுந்த பாதரசத்தை நுண்ணுயிர்கள் இப்படி மாற்றுகின்றன. அது சின்ன மீனில் ஏறி, சின்ன மீனைத் தின்னும் பெரிய மீனில் இன்னும் சேர்ந்து, கடைசியில் மனித ரத்தத்துக்கு வருகிறது. 1956இல் ஜப்பானின் மினமாட்டா ஊரில் தெரியவந்த பெரும் துயரத்துக்குக் காரணம் இந்த மூன்றாவது வகை. அந்த ஊர்ப் பெயரில்தான் 2013இல் உலக நாடுகள் பாதரச உடன்படிக்கை செய்தன. வழக்கமான ரத்தப் பரிசோதனையில், மீன் அதிகம் சாப்பிடும் சமூகங்களில், தெரிவது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைதான்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மீன் அதிகம் சாப்பிடுகிற குழந்தையின் ரத்தத்தில் பாதரசம் மட்டுமா ஏறுகிறது? ஒமேகா-3 ஏறும், செலினியம் ஏறும். அந்தக் குடும்பம் எங்கே வசிக்கிறது, வீட்டில் புகை பிடிப்பவர் உண்டா என்று நூறு விஷயங்கள் கூடவே வரும். எல்லாவற்றையும் கணக்கில் கழித்துவிட்டோம் என்று ஆய்வாளர்கள் நேர்மையாக முயன்றாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். வேறு நாடுகளில் நடந்த சில ஆய்வுகளில் இந்தத் தொடர்பு தெரியவில்லை. மறுபக்கம், ஆய்வகத்தில் ஒரு குறிப்பிட்ட இன எலிக்குப் பாதரச உப்பை ஊசி மூலம் ஏற்றினால், ஒவ்வாமைக்குக் காரணமான ஐ.ஜி.ஈ. என்ற புரதம் தாறுமாறாக ஏறுகிறது. நோய் எதிர்ப்பு மண்டலத்தை ஒவ்வாமைப் பக்கம் சாய்க்கும் சக்தி பாதரசத்துக்கு உண்டு என்பதற்கு அது சாட்சி. அதனால்தான் இந்தக் கேள்வியை விஞ்ஞானிகள் விடாமல் துரத்துகிறார்கள், துரத்தவும் வேண்டும். ஆனால், நீண்ட நாள் சிறு அளவுப் பாதரசம் ஒரு சமூகத்தில் ஆஸ்துமாவைக் கொஞ்சம் கூட்டுகிறதா என்பது ஒரு கேள்வி. ஒரு தெர்மாமீட்டர் உடைந்து மூன்றாம் நாள் ஒரு குழந்தைக்கு ஆஸ்துமா உண்டாகுமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு இன்னும் முடிவான பதில் இல்லை. இரண்டாவதுக்கு என் பதில், இல்லை.

நிலக்கரிப் புகை இதற்கு நல்ல உதாரணம். நிலக்கரி எரியும்போது பாதரசமும் வெளியே வருகிறது, கந்தக வாயுவும் நுண்தூசியும் வருகின்றன. பக்கத்தில் வாழும் பிள்ளைகளுக்கு மூச்சிழுப்பு கூடினால் அதில் பெரும்பங்கு வாயுவுக்கும் தூசிக்கும் உரியது. பாதரசம் காற்றில் எங்கோ பயணித்து, நீரில் விழுந்து, மீன் வழியாகத் திரும்பி வருகிறது. ஒரே புகைபோக்கியில் இரண்டும் கிளம்புகின்றன என்பதற்காக இரண்டும் ஒரே நோயைத் தருவதாக ஆகிவிடாது.

மீனை நிறுத்தத் தேவையில்லை. மறுபடி கொடுங்கள். வளரும் பிள்ளைக்கு அது நல்ல உணவு. சுறா, வாள்மீன், பெரிய வகைச் சூரை போன்ற, மற்ற மீன்களைத் தின்று பல வருடம் வாழும் பெரிய மீன்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மத்தி, நெத்திலி மாதிரிச் சின்ன மீன்களில் பாதரசம் மிகக் குறைவு. மீன் சாப்பிட்டதும் அவளுக்கு உதடு வீங்கியது, தடிப்பு வந்தது என்றால் அது மீன் ஒவ்வாமை. அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

உண்மையில் பாதரச ஆவி ஒரு குழந்தையை நாள்கணக்கில் தாக்கினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் பயம் பாதி குறையும், கவனிக்க வேண்டியதும் புரியும். 1989இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நாலு வயதுச் சிறுவன் ஒருவனை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். வீட்டு உட்சுவர்களுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்தப் பெயின்டில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பாதரசச் சேர்மம் கலந்திருந்தது. ஜன்னல்களை மூடி ஏ.சி. போட்டிருந்தார்கள். அந்தப் பையனுக்குக் கால் வலி, தோலில் தடிப்பும் அரிப்பும், அளவுக்கு மீறிய வியர்வை, வேகமான நாடித் துடிப்பு, உயர் ரத்த அழுத்தம், தூக்கமின்மை, சுபாவமே மாறிப்போன எரிச்சல். 1990இல் அந்த நாட்டில் உட்புறப் பெயின்டில் பாதரசத்தை நிறுத்தினார்கள். உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரிவதால் பழைய மருத்துவர்கள் இதை இளஞ்சிவப்பு நோய் என்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கொடுத்த பாதரசப் பொடியால் இது ஏராளமாக வந்தது. அந்தப் பொடி விற்பனையிலிருந்து போனதும் நோயும் அநேகமாகக் காணாமல் போனது. உங்கள் கடிதத்தில் இந்த அடையாளங்களில் ஒன்றுகூட இல்லை. வீசிங்கும் இந்த நோயின் முக்கிய அடையாளங்களில் இல்லை.

ஆனால் அந்த அறை விஷயத்தில் உங்களுக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது. அதை மறைத்து ஆறுதல் மட்டும் சொல்லிப் போக எனக்கு மனம் வரவில்லை. துடைப்பம் பாதரசத் துளியைச் சின்னச் சின்னதாக உடைக்கும். துளி சிறுக்கச் சிறுக்க ஆவியாகும் பரப்பு கூடும். வேக்குவம் கிளீனர் அதைவிட மோசம். உள்ளே சூடாகி, ஆவியைப் பின்பக்கம் அறைக்குள்ளேயே ஊதிவிடும். கார்பெட் நூலுக்குள் இறங்கிய துளி மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து, ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் கொஞ்சம் ஆவியை விடும். பாதரச ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றைவிடக் கனமானது, தரை ஓரமாகவே நிற்கும். தரையில் உட்கார்ந்து விளையாடும் பிள்ளையின் மூக்கு நம் மூக்கைவிட அதற்குப் பக்கம்.

அதனால் இந்த வாரம் இதைச் செய்யுங்கள். அன்று மகளை வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள். அந்த அறையின் உள்கதவைச் சாத்தி, வெளிப்பக்க ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஏ.சி. வேண்டாம். கார்பெட்டை உதறாமல் மெதுவாகச் சுருட்டி, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் போட்டு டேப் ஒட்டிவிடுங்கள். அதைத் துவைக்கக் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது. துடைப்பம், வேக்குவத்தின் பை, குழாய் எல்லாம் அப்படியே இன்னொரு உறையில். பிறகு விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து அடித்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாத துளி, பக்கவாட்டு வெளிச்சத்தில் குண்டூசித் தலை அளவுக்குப் பளிச்சென்று மின்னும். கட்டில் காலடி, தரைப் பிளவு, சுவரும் தரையும் சேரும் மூலை, இந்த மூன்று இடத்தையும் விடாதீர்கள். துளி கிடைத்தால், கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு தடித்த அட்டைத் துண்டுகளால் தள்ளிச் சேர்த்து, சொட்டு மருந்துக் குழலால் உறிஞ்சி, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் விடுங்கள். மிச்சப் பொடித்துளிகளை டேப்பின் பசைப் பக்கத்தால் ஒற்றி எடுக்கலாம். கழிவறையிலோ கழுவு தொட்டியிலோ ஊற்ற வேண்டாம். உங்கள் உள்ளாட்சியில் ஆபத்தான கழிவை வாங்கும் பிரிவு எது என்று கேட்டு அவர்களிடம் ஒப்படையுங்கள். அறையை ஒரு முழு நாள் காற்றாட விட்ட பிறகு அவள் அங்கே தூங்கலாம்.

இன்னும் சந்தேகம் இருந்தால், சுற்றுச்சூழல் துறையினரிடமோ ஆய்வகங்களிடமோ காற்றில் உள்ள பாதரசத்தை அங்கேயே அளந்து சொல்லும் கையடக்கக் கருவி இருக்கும். பாதரசம் சிந்திய வீட்டில் மறுபடி குடியிருக்க, ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்கச் சுகாதாரத் துறை பின்பற்றும் வரம்பு.

பரிசோதனை வேண்டுமா என்று கேட்டால், வேறொரு தாய்க்கு வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். உங்கள் வீட்டில் வேக்குவம் போட்டிருக்கிறீர்கள், கார்பெட் ஐந்து வாரமாக அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. அதனால் ஒரே ஒரு சிறுநீர்ப் பரிசோதனை நியாயம்தான். உலோகப் பாதரச ஆவியின் தடம் இத்தனை வாரம் கழித்து நன்றாகத் தெரிவது சிறுநீரில். ரத்தத்தில் பார்த்தால் முந்தின வாரம் சாப்பிட்ட மீன் குழப்பிவிடும். சாதாரணமாகப் பெரும்பாலோருக்கு லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குள் இருக்கும். 20ஐத் தாண்டினால் மூலத்தைத் தேட வேண்டும். நடுவில் ஏதாவது வந்தால் கார்பெட்டை அகற்றிவிட்டு இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். உள்ளே போன பாதரசத்தில் பாதி ஏறக்குறைய இரண்டு மாதத்தில் தானாகவே வெளியேறிவிடும்.

வெளியேற்றும் ஊசிக்குப் போகாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். உலோகங்களைப் பிடித்து வெளியேற்றும் மருந்துகள் உண்மையில் இருக்கின்றன. நிஜமான விஷமேற்றத்தில் அவை உயிர் காக்கும். மருத்துவமனையில், அளவு நிரூபணமான பிறகு, நச்சியல் தெரிந்தவர் மேற்பார்வையில் கொடுப்பார்கள். 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஆட்டிசத்துக்காக இப்படி ஒரு மருந்தை ஏற்றினார்கள். ரத்தத்தில் கால்சியம் சரிந்து, இதயம் நின்று அவன் இறந்துபோனான். இன்னொரு தந்திரமும் உண்டு. முதலில் அந்த மருந்தைக் கொடுத்துவிட்டு, பிறகு சிறுநீரை எடுத்து, "பாருங்கள், எவ்வளவு பாதரசம்!" என்று அறிக்கையைக் காட்டுவார்கள். மருந்து கொடுத்தால் எல்லாருடைய சிறுநீரிலும்தான் அளவு ஏறும். அதை ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான அளவுகோலே கிடையாது. அப்படி ஒரு காகிதத்தை யாராவது நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு வார்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி மேஜையிலிருந்து விழுந்து உடைந்தது. அதில் இருக்கும் பாதரசம் ஒரு தெர்மாமீட்டரைப் போல நூறு மடங்கு வரை இருக்கும். நாங்கள் நாலு பேர் குனிந்து, பஞ்சால் உருட்டி உருட்டி உள்ளங்கையில் சேர்த்தோம். மிச்சத்தைத் துப்புரவுப் பணியாளர் துடைப்பத்தால் கூட்டி, கழுவு தொட்டியில் போட்டார். அருகிலேயே குழந்தைகள் படுத்திருந்தார்கள். தப்பு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை, யாரும் சொல்லித் தந்ததும் இல்லை. மருத்துவம் படித்தவர்களுக்கே தெரியாத ஒன்றை, காய்ச்சலில் அனத்தும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று யார் சொல்ல முடியும்? தரையில் சிந்தியதைப் பிள்ளை மிதித்துவிடக் கூடாது என்று அவசரமாகச் சுத்தம் செய்தீர்கள். நடந்தது அவ்வளவுதான்.

இனி ஆஸ்துமா பக்கம் திரும்புங்கள், அங்கேதான் உங்கள் கவனம் வேலை செய்யும். வீட்டுக்குள் யாரும் புகை பிடிக்கக் கூடாது, பால்கனியில் பிடித்துவிட்டு வந்தாலும் சட்டையில் ஒட்டி வரும். அவள் தலையணை உறையையும் போர்வையையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். சுவரில் ஈரமும் பூஞ்சையும் இருந்தால் அதைச் சரிசெய்யுங்கள். கொசுவர்த்திப் புகையும் வேண்டாம்.

பஃப் கொடுக்கும் முறையை ஒருமுறை சரிபாருங்கள். மருந்து சரியாக இருந்தும் கேட்காத குழந்தைகளில் நிறையப் பேருக்கு முறைதான் தப்பாக இருக்கும். அவளை நிமிர்ந்து உட்கார வையுங்கள். பஃப் டப்பாவைக் குலுக்கி, ஸ்பேசரில் (பஃப்புக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் குழல்) பொருத்தி, வாய்க்குழலை உதடு இறுகப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவை அழுத்தி, அவளை நிதானமாக ஐந்தாறு மூச்சு இழுத்து விடச் சொல்லுங்கள். ஸ்பேசரின் வால்வு ஒவ்வொரு மூச்சுக்கும் மெல்லத் திறந்து மூடுவது கண்ணுக்கே தெரியும். இரண்டாவது பஃப்புக்கு மறுபடி குலுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் அழுத்தினால் பாதி மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். முடிந்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். ஸ்பேசரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசித் துணியால் துடைக்காமல் அப்படியே உலர விடுங்கள். துடைத்தால் உள்ளே நிலைமின்சாரம் ஏறி மருந்துத் துகளைப் பிடித்துக்கொள்ளும்.

பலன் தெரிய ஒன்றிரண்டு வாரமாவது ஆகும். நாலைந்து நாளில் மாற்றம் இல்லையே என்று மறுபடி நிறுத்திவிடாதீர்கள். ஒரு நோட்டில் இரவு இருமலா, விளையாடும்போது நின்றாளா, நிவாரணப் பஃப் எத்தனை தடவை என்று தினம் ஒரு வரி எழுதி வையுங்கள். அடுத்த முறை இழுத்தால், நிவாரணப் பஃப் கொடுத்த கையோடு, அவள் நெஞ்சு தெரியும்படி போனில் அரை நிமிட வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் மருத்துவர் முன்னால் உட்காரும்போது பிள்ளை நன்றாகச் சிரித்துக்கொண்டிருப்பாள், அந்த வீடியோதான் இரவு எப்படி இருந்தது என்று அவருக்குச் சொல்லும். நோட்டையும் சிறுநீர் அறிக்கையையும் கூடவே எடுத்துப் போங்கள். அறிக்கையில் ஏதாவது புரியவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.